விட்டமின் டப்பா

ஞானராஜ் சார் இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியடில் வந்தது. பள்ளிப் படிக்கட்டில் விழுந்து, தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர். கால் முறிந்தவர் பத்தே நாளில் எப்படிச் சாவார் என்று அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. ஆத்திரமாக வருகிறது.

கோச்சடையில் எங்கள் பள்ளியில் அவர் வேதியியல் ஆசிரியர்; நான் கணக்கு. ஆறு வருடங்களுக்கு முன், காரணமே இல்லாமல் நான் அழுதுகொண்டிருந்த நாட்களில், மனநல மருத்துவரிடம் என்னை அனுப்பியவர் அவர்தான். மாத்திரையை முந்தானைக்குள் மறைத்து விழுங்கியதையும் பார்த்துவிட்டார்.

"என்னத்துக்கு டீச்சர் ஒளிக்கிறீங்க? மூளையில ஒரு ரசாயனம் மக்கர் பண்ணுது, அம்புட்டுதான். சுகர் மாத்திரையை யாராச்சும் ஒளிச்சா போடுறாக?"

ஆசிரியர் அறை முழுக்கக் கேட்டது. எனக்கு மானமே போனது. ஆனால் மறுநாளிலிருந்து மேசைமேல் வைத்தே போட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "டாக்டரைக் கேக்காம ஒருநாள்கூட நிறுத்திராதீங்க" என்பார்.

மூன்று வருடங்களாகத் தானும் பையிலிருந்து ஒரு விட்டமின் டப்பாவை எடுத்து, மதியம் எனக்குத் துணையாக ஒன்று போட்டுக்கொள்வார். போன வருடத்திலிருந்து அவருடைய வலது கை பேன்ட் பையைவிட்டு வெளியே வருவதே அபூர்வமாகிவிட்டது. கரும்பலகையில் எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. கேட்டால், "வயசாகுதுல்ல டீச்சர்" என்று சிரிப்பார். மாதம் ஒருமுறை ஆய்வகச் சாமான் வாங்க என்று சொல்லிச் சிம்மக்கல் போய்வருவார்.

செய்தி வந்த அன்று அவருடைய மேசையைக் காலிசெய்தேன். அவர் விழுந்த நாளிலிருந்து அந்த டப்பா அங்கேயே கிடந்திருக்கிறது. உள்ளே விட்டமின் இல்லை, நடுக்குவாத மாத்திரைகள். மூளையில் டோபமின் என்ற ரசாயனம் குறைவதால் வரும் நோய். சிம்மக்கல் மருந்துக்கடையின் சீட்டும் மடித்துக் கிடந்தது.

மறுநாள் அடக்கத்துக்குப் போனபோது, திருநகர் வீட்டில் அவர் மனைவியிடம் அதைக் காட்டினேன். டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"ஒடம்பு வெறச்சு, காய்ச்சல் ஏறி, பேச்சு நின்னப்ப டாக்டர் கேட்டாரு டீச்சர். 'ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாரா, திடீர்னு நிறுத்துனா இப்படி ஆகும்'னாரு. ஒண்ணும் இல்லைன்னு அடிச்சுச் சொன்னேனே. சேர்க்கும்போது இவுகளும் அதையேதானே சொன்னாக."

ஏமாற்றிவிட்டீர்கள் சார். என் வெட்கத்தைச் சபையில் வைத்து உடைத்துவிட்டு, உங்களுடையதைப் பொய்ப் பெயர் ஒட்டிய டப்பாவில் வைத்திருந்தீர்கள். பக்கத்து நாற்காலியில்தானே இருந்தேன்? என் ஒருத்தியிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

என் மாத்திரையையும் தூக்கி எறியலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

மதியம் ஒரு மணி. சவப்பெட்டியைச் சுற்றி உறவினர்கள், சர்ச் சபையார், பழைய மாணவர்கள். அவருடைய தலைமாட்டில் நின்று, தண்ணீர் பாட்டிலைத் திறந்து, எல்லாரும் பார்க்க என் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

போயிட்டு வாங்க சார். நான் ஒளிக்கவில்லை.