விருந்தாளியின் துஆ

2024 பிப்ரவரி 11, ஞாயிறு. காலை 5.00க்கு எழுந்து பள்ளிவாசலில் சுபுஹு தொழுதேன். 7.10க்கு மீன்காரர் வந்தார். மணமேல்குடி கொடுவா, ஒன்றரைக் கிலோ. 9 மணிக்கு மாடித் தொட்டியைக் கழுவினேன். 11.30க்கு மீமிசலிலிருந்து கொழுந்தியாள் வந்தாள். லுஹர் தொழுதுவிட்டு வந்து, 1.50க்கு நான், மனைவி, கொழுந்தியாள் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். சோறு, மீன் ஆணம், ரசம்.

அதுவரை எல்லாம் அன்றைய டைரியில் உள்ளபடி. அதற்குமேல் அன்று நான் எழுதவில்லை.

சாப்பிட்டு முடித்து, வழக்கம்போல் சற்றுச் சத்தமாகவே துஆ ஓதினேன். கொழுந்தியாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்ன மச்சான், விருந்துக்கு வந்தவ நானு. எனக்குப் போட்டியா நீங்க ஓதுறீங்க?"

அப்போதுதான் கவனித்தேன். சொந்த வீட்டில் சாப்பிட்டால், எங்களுக்கு உண்ணவும் குடிக்கவும் தந்த அல்லாஹ்வுக்கே புகழ் என்று ஓதுவோம். நான் ஓதியது அடுத்தவர் வீட்டில் சாப்பிட்டவர் ஓதுவது: எனக்கு உணவளித்தவருக்கு நீ உணவளிப்பாயாக, எனக்குக் குடிக்கத் தந்தவருக்கு நீ குடிக்கத் தருவாயாக.

"ஆக்கிப் போட்டவளுக்குத்தானே கேட்டேன். அதுல என்ன தப்பு?" என்று சமாளித்தேன்.

"அரிசி நீங்க வாங்கினது, மீனு நீங்க வாங்கினது. இதுல யாரு யாருக்கு விருந்து?" என்றாள் கொழுந்தியாள். "ராத்தா, மச்சானுக்குப் பாயை எடுத்துப் போடு. வந்தவுக களைச்சிருப்பாக."

என் மனைவி சிரிக்கவில்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"லீவுல வரும்போதெல்லாம் நீங்க இதைத்தான் ஓதுவீங்க," என்றாள், குழாயைத் திறந்தபடி. "நாப்பது நாள் விருந்தாளிதானேன்னு நானும் கேட்டதில்ல."

ரியாத்தில் வேலை பார்த்த இருபத்திரண்டு வருடங்களில் எத்தனை விடுமுறை வந்திருக்கிறேன் என்று எனக்கு நாள் கணக்கோடு தெரியும். அப்போதெல்லாம் சாப்பிட்டு என்ன ஓதினேன் என்பது தெரியவில்லை.

"அப்ப இப்பவும் பழக்கதோஷம்தான்."

"இல்லங்க. இனிமே சபர் இல்ல, வெளிநாடே போகலன்னு சொல்லி வந்து ஏழு மாசமாச்சு. ஏழு மாசமும் ஒழுங்காத்தான் ஓதினீங்க. வியாழக்கிழமை மத்தியானத்துலேருந்து மாறிப்போச்சு." கையிலிருந்த தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். "அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்லையே," என்றேன்.

வியாழக்கிழமை காலை, ரியாத்திலிருந்து பழைய மேலாளர் அழைத்திருந்தார். இடம் காலியாக இருக்கிறது, வருகிறாயா என்றார். ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்ல நினைத்துத்தான் வாயைத் திறந்தேன், வந்தது அதுதான். அதை டைரியில் எழுதவில்லை. எழுதாமல் விட்டதற்கும் என்னிடம் காரணம் இல்லை.

மாலை 5 மணிக்குக் கொழுந்தியாளை அறந்தாங்கி பேருந்து நிலையத்தில் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, வழியெல்லாம் இதே குழப்பம். போக வேண்டும் என்று நான் முடிவு செய்யவில்லை. முடிவு செய்யாத ஒன்று என் நாக்குக்கு எப்படித் தெரிந்தது? அல்லது நான்தான் முடிவு செய்துவிட்டு என்னிடமே சொல்லாமல் இருக்கிறேனா? ஒருவேளை உண்மையிலேயே என் மனைவிக்காகத்தான் கேட்டேனோ? மூன்றும் சரியாகவே பட்டன. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எதை ஓதுவது என்று தெரியாமல், உதடு அசையாமல் மனத்துக்குள் ஓதினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சுபுஹு தொழுது வந்ததும் முதல் வேலையாக அடுக்களைக்குப் போனேன். பால் பொங்கும் நிலையில் இருந்தது. வியாழக்கிழமை வந்த அழைப்பையும், நான் சொன்ன பதிலையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"போறீங்களா?"

"தெரியல," என்றேன்.