அரைத் தலைக்கட்டுக்கு முழு ஓட்டு

மதியம் வரை என் பூத்துக்கு ஒரு பெண்கூட வரவில்லை. தொண்ணூறுகளில், பல வருஷம் கழித்து நடந்த பஞ்சாயத்துத் தேர்தல். கோவில்பட்டியில் கிளார்க்காக இருந்த எனக்கு அதுதான் முதல் பிரிசைடிங் ஆபீசர் டூட்டி. எட்டயபுரம் பக்கம் ஒரு கரிசல் கிராமம். இத்தனைக்கும் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கியது. போட்டியிட்ட இரண்டு பெண்களும்கூட வரவில்லை!

1. ஊர்க் கணக்கு

கோயில் வரி பிரிக்கும் ஊர்ப் பெரியவர் சாவகாசமாக வந்தார்.

"முடிஞ்சுது சார். பெட்டிக்கு சீல் வச்சிருங்க."

"பொம்பளையாளு ஒருத்தரும் வரலையே அண்ணாச்சி?"

"வீட்டுக்கு ஒராளு போட்டாச்சுல்லா! எம்எல்ஏ ஓட்டுன்னா எல்லாரும் போடுவோம். இது ஊர்க் காரியம். தலைக்கட்டுக் கணக்குதான்."

தலைக்கட்டு என்றால் வரி கொடுக்கும் குடும்பம். ஊர்க்கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆண் போவான். புருஷன் இல்லாத வீடு அரைத் தலைக்கட்டு. அரை வரி உண்டு, கூட்டத்தில் இடம் கிடையாது. மனிதர் ஏமாற்றவில்லை, சத்தியமாக அப்படித்தான் நம்பினார். வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எல்லோருக்கும் ஓட்டு உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். வீடு வீடாகப் போய் ஆள் கூப்பிட எனக்கு அதிகாரமில்லை. கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

2. தீப்பெட்டி ஆபீஸ் வேன்

பூத்தை மூடப்போகும் நேரத்துக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்தது. தீப்பெட்டித் தொழிற்சாலையை அந்தப் பக்கத்தில் ஆபீஸ் என்பார்கள். இறங்கிய பெண்கள் நேரே பூத்துக்கு ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவள் பேச்சியம்மாள், புருஷனை இழந்தவள்.

"பக்கத்தூர்க்காரிய எல்லாம் காலையிலேயே ஓட்டுப் போட்டுட்டுல்லா வேலைக்கு வந்தாளுவ! எங்களுக்கு உண்டா இல்லையா சார்?"

பெரியவர் குறுக்கே வந்தார். "ஏட்டி, ஒன் வீடு அரைத் தலைக்கட்டு. ஒனக்கு என்ன ஓட்டு?"

அவள் என்னைப் பார்த்தே கேட்டாள். "எனக்கு அரை ஓட்டா, முழு ஓட்டா சார்?"

"முழு ஓட்டு தாயி."

"ஏட்டி, முழுசாம்!"

அவள் போட்ட சத்தத்தில் வீடுகளில் இருந்த பெண்களும் திமுதிமுவென்று வந்து வரிசையில் சேர்ந்தார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை!

மூடும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குக் கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டு கொடுக்க வேண்டும். அதுவும் கடைசி ஆளிடமிருந்து. முன்னாலிருந்து கொடுத்தால் பின்னால் ஆள் சேர்ந்துகொண்டே போகும். வரிசையின் கடைசிக்கு ஓடினேன். அங்கே மாவு ஒட்டிய கையோடு ஓர் அம்மாள். முதல் சீட்டை நீட்டினேன். என் பின்னாலேயே வந்த பெரியவர் திகைத்து நின்றார். அது அவர் மனைவி.

"நம்ம வீட்டு ஓட்ட நான் அப்பமே போட்டுட்டேம்லா?"

"அது ஒங்க ஓட்டு" என்றார் அந்த அம்மாள், சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டே.

தேர்தல் வேலைக்குப் போகும் இளையவர்களே, பெட்டியையும் சீலையும் சரிபார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்த ஊர் யாரையெல்லாம் ஆளாக எண்ணுகிறது என்பதையும் விசாரியுங்கள். 'அந்த நாட்டுக்காரர்களுக்கு ஜனநாயகம் சரிப்படாது' என்று டீக்கடையில் யாராவது பேப்பரில் வெளிநாட்டுச் செய்தியைப் படித்து மடித்துக்கொண்டே பேசினால், அப்படிப் பேசுகிறவரை, முழு ஓட்டு என்று கேட்டதும் பெண்கள் ஓடி வந்து நின்ற அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தலாமா என்று எனக்கு இன்றைக்கும் கை துறுதுறுக்கிறது.