கத்தரி வேரில் கண்ட முடிச்சு

வகுப்பில் பாதியைக் கேட்டுவிட்டு முழுதும் தெரிந்தவனாக நடப்பது என் பிறவிக் குணம். எழுபதுகளின் கடைசியில், கிளிநொச்சிப் பக்கக் குடியேற்றக் காணியில் அந்தக் குணத்தால் நான் செய்த காரியத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

கௌபிப் பயற்றின், அதுதான் தட்டைப்பயற்றின், வேரில் முடிச்சு இருந்தால் அது மண்ணுக்கு உரம் என்று ஒரு விவசாய வகுப்பில் சொன்னார்கள். அதோடு எழும்பி வந்துவிட்டேன். பிறகொரு நாள் நாற்றுமேடையில் கத்தரிக் கன்றைக் கிளப்பினால், அதன் வேரிலும் முடிச்சு! மத்தியானத்தில் கன்றுகள் வாடுவதை வெயிலின் தலையில் போட்டுவிட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்துக் காணிக்காரி எழுபத்தேழு இனக்கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்தவள். கணவனும் அவளுமாகக் காடு வெட்டித் திருத்திய நிலத்தில் முதல் தோட்டம் போட இருந்தாள். அவர்களுடைய அந்த வருஷச் சாப்பாடே அதை நம்பித்தான். முடிச்சுக் கூடின கன்றுகளாகப் பார்த்துத் தெரிந்தெடுத்து, வேர்மண்ணோடு சாக்கில் கட்டிக் கொடுத்தேன்.

"நல்ல மண், தங்கச்சி. உதறாமல் நடுங்கோ" என்றேன்.

இரண்டு கிழமை கழித்து விவசாயப் போதனாசிரியர் வந்தார். ஓடிப்போய் ஒரு கன்றைப் பிடுங்கி வந்து காட்டினேன். அவர் முடிச்சை நகத்தால் சுரண்டினார்.

"கௌபி முடிச்செண்டால் உரச விழுந்திடும். இது வேரே வீங்கினது. உள்ளுக்கை இருக்கிறது வட்டப்புழு, கண்ணுக்குத் தெரியாது. மண்ணோட போய் மற்றப் பயிரையும் பிடிக்கும். ஆருக்கும் கன்று குடுத்தனீங்களோ?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

வேலியைத் தாண்டி ஓடினேன். அவளுடைய கத்தரிக் கன்றுகள் தலை தொங்கி நின்றன. அவள் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். கன்றுகளைப் பிடுங்கி எரித்துவிடுவோம் என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"சாக்குல மிச்சமிருந்த நல்ல மண்ண வீணாக்கக் கூடாதுன்னு, தக்காளி, மொளகா, எல்லாப் பாத்திக்கும் ஒவ்வொரு பிடி போட்டுட்டேங்கண்ணே. அத எப்படித் திருப்பி எடுக்குறது?"

அவள் தக்காளிப் பாத்தியடியில் குந்தி, கையால் மண்ணை அள்ளத் தொடங்கிவிட்டாள்.