பேராச்சி ஆர்டர் கொடுத்த கிரில்

சோளக் கதிரின் தோகையைப் பேராச்சி முழுக்க உரிக்க மாட்டாள். நுனியில் இரண்டு விரல் அகலத்துக்கு விலக்கி, ஒரு மணியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துவாள். பால் தெறித்தால் முகம் மலரும். தெறிக்காவிட்டால், "இது கெழடு, அவிச்சுத்தான் திங்கணும்" என்று கூடையின் அடியில் தள்ளிவிடுவாள். எதிரே நிற்கிற ஆள் எவ்வளவு அவசரப்பட்டாலும் இந்தச் சோதனை முடியாமல் கதிர் தீக்குப் போகாது. "ரயில் புடிக்கணும்னா ஓடு, புட்டா வேணும்னா நில்லு" என்பாள். ஆள் தமிழ் தெரியாதவர் என்றால் இதையே இந்தியில் சொல்வாள். இந்திச் சொற்களானாலும் இழுப்பு சுத்தமான திருநெல்வேலி இழுப்பு.

மும்பையில் சுனாபட்டி ஸ்டேஷன் வாசலில், பாலத்துப் படி இறங்கும் இடத்தில் அவள் கடை. மற்ற மாதங்களில் மாங்காய்க் கீற்று, கொய்யா, வேகவைத்த கடலை என்று ஏதாவது கூடையில் இருக்கும். மழை தொடங்கிவிட்டால் புட்டா மட்டும்தான். சுட்ட சோளக் கதிரில் எலுமிச்சைத் துண்டால் உப்பும் மிளகாய்த் தூளும் தேய்த்துக் கொடுப்பாள். நனைந்து நடுங்கி வருகிறவனுக்குத்தான் அந்தச் சூடு தேவைப்படுகிறது. ஆனால் அவனை நனைக்கிற அதே மழை சிகடி என்கிற அவளுடைய கரி அடுப்பையும் அணைத்துவிடும். இரண்டு குடை கொண்டுவருவாள், ஒன்று சிகடிக்கு, ஒன்று தனக்கு. சாரல் திசை மாறியதும் இரண்டுமே சிகடிக்குப் போய்விடும். தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, கரியைத் திட்டியபடியே விசிறுவாள். "எரியேன், சவத்து மூதி! ஒனக்கு நான் என்ன கொற வச்சேன்?"

போன வருஷம் பாதி மாலைகள் இந்தச் சண்டையிலேயே போயின. சுடாத கதிர்களோடு வீடு திரும்புவது பழகிப்போனது. இன்னொரு மழைக்காலம் இப்படிக் கழிந்தால் படியடி இடத்தை வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம் மட்டும் பழகவில்லை.

காலை நேரத்தில் அவளுக்குச் செம்பூரில் ஜகந்நாதன் என்பவர் வீட்டில் சமையல் வேலை. அவரும் மனைவியும் இந்த மே மாதம் சின்ன ஃபிளாட் ஒன்றுக்கு மாறினார்கள். சாமான்களைக் குறைக்கும்போது பரணிலிருந்து ஒரு பெட்டி இறங்கியது. உள்ளே கால் மடக்குகிற ஒரு கேஸ் கிரில். சூட்கேஸ் போலக் கைப்பிடி, பக்கத்தில் கேஸ் டின் செருகும் இடம், மேலே வளைந்த மூடி. மகன் பிக்னிக்குக்காக வாங்கியது. அவன் ஊரைவிட்டுப் போன பிறகு யாரும் தொட்டதில்லை.

"எடுத்துண்டு போறியா, பேராச்சி?" என்றார் ஜகந்நாதன்.

அவள் மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அடுப்புக்கு மூடி! இத்தனை வருஷம் குடையோடு மல்லுக்கட்டியவளுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"இதுல கரி போடலாமா சார்?"

"கரியா? இது கேஸுக்குன்னு பண்ணினதும்மா. அடித்தகடு மெல்லிசு. கரிச் சூட்டைத் தாங்காது."

"பாத்துக்கிடலாம் சார்" என்று தூக்கிக்கொண்டாள்.

அவள் கணவன் வெயிலுமுத்து தாராவியில் ஒரு பட்டறையில் ஜன்னல் கம்பி அடிக்கிறவன். "ஒரு கிரில்லு கெடச்சிருக்கு" என்று போனில் சொன்னதும், "எந்த ஜன்னலுக்கு? எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டான். வீட்டுக்கு வந்து பார்த்ததும் ஒரே சொல்தான் வந்தது. "ஆகாது."

எதைக் கேட்டாலும் அவன் முதலில் சொல்வது அதைத்தான். எதிர்வீட்டுப் பூமாரி சொல்வாள்: "ஒங்க வீட்டுக்காரரு பொறந்ததும் அழுதிருக்க மாட்டாரு மைனி. ஆகாதுன்னுதான் சொல்லிருப்பாரு."

"கேஸ் அடுப்பாவே யாருக்காவது வித்துரு. நல்ல வெலைக்குப் போவும்" என்றான் வெயிலுமுத்து.

"நான் வெலையா கேட்டேன்? வழிய கேக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை சந்தில் உட்கார்ந்து, அவனுடைய ஸ்குரூ டிரைவரையே எடுத்து, கேஸ் குழாயையும் பர்னரையும் கழற்றினாள். கரியைக் கொட்டிப் பற்றவைத்தாள். மூடி திறந்திருக்கும்வரை எரிந்தது. மூடியதும் மூச்சு முட்டிய மாதிரி கறுத்துப்போனது. மறுபடி திறந்து, கை ஓயாமல் விசிறினாள். சூடு ஏறியதும் முன்பக்கத்துப் பிளாஸ்டிக் திருகு ஐஸ்கிரீம் போல வழிந்தது, அடித்தகடு வயிறு தள்ளியது. பூமாரி இருமிக்கொண்டே கொடியில் கிடந்த துணிகளை உருவினாள். வாசலில் நின்ற வெயிலுமுத்துவின் முகமே சொல்லவேண்டியதைச் சொன்னது.

"சார் சொன்னது நெசந்தான்" என்று பேராச்சி ஒப்புக்கொண்டாள். வருத்தம் ஒரு டீ குடித்து முடிக்கும்வரை இருந்தது. டம்ளரைக் கீழே வைக்கும்போதே தெளிந்துவிட்டாள். அடி தாங்கவேண்டும், கரி கீழேயிருந்து மூச்சு விடவேண்டும். அவ்வளவுதானே! அதற்கு இரும்பு வேண்டும், இரும்பு இருப்பது கணவனின் பட்டறையில்.

"ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. தீவாளி கழிச்சுப் பாப்போம்" என்றான் வெயிலுமுத்து.

"தீவாளிக்கு இந்த ஊருல மழ பெய்யுமா?"

மறுநாள் பேராச்சி கிரில்லை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். "லக்கேஜ் நஹி பையா, பச்சா ஹை" என்று, குழந்தையைத் தட்டுவதுபோல மூடியைத் தட்டிக்கொடுத்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரும் சிரித்துவிட்டார்.

பட்டறை முதலாளி மாரீஸ்வரன் வெயிலுமுத்துவைவிட வயதில் இளையவன். "வாங்க மைனி, அண்ணனுக்குச் சாப்பாடா?" என்றான்.

"சாப்பாடு இல்ல, கஸ்டமரா வந்திருக்கேன். எனக்கொரு கிரில்லு அடிக்கணும். கூலிய அவுக சம்பளத்துல புடிச்சுக்கிடுங்க."

மாரீஸ்வரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணே, பார்ட்டி வந்திருக்கு, பாருங்க" என்று உள்ளே குரல் கொடுத்தான்.

வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெளியே வந்த வெயிலுமுத்து மனைவியைப் பார்த்தான், கிரில்லைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான். வீட்டில் எத்தனை 'ஆகாது' வேண்டுமானாலும் சொல்லலாம். பட்டறைக்கு ஆர்டரோடு வந்தவர்களிடம் அந்தச் சொல்லை அவன் சொன்னதே இல்லை. டேப்பை உருவினான்.

"எத்தனைக்கு எத்தனை?"

"இந்தப் பெட்டிக்குள்ள அடங்கணும். அடி கனமா இருக்கணும். கரி தரையில ஒட்டாம கம்பி மேல நிக்கணும்."

"சாம்பலு?"

பேராச்சி விழித்தாள். அதை அவள் யோசித்திருக்கவில்லை.

"சாம்பலு விழ எடம் வேணும்லா? இல்லன்னா கொஞ்ச நேரத்துல காத்த அடைச்சுரும். இழுத்துக் கொட்டுத மாதிரி ஒரு தட்டு வைக்கணும்." அவனுக்கு வேலை பிடித்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. இதற்கு மேல் தான் பேசினால் காரியம் கெடும் என்றும் தெரியும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கனத்த தகட்டில் ஒரு பெட்டி வளைந்தது. மெல்லிய அடித்தகட்டில் படாமல் நிற்க அதற்குக் குட்டைக் கால்கள். உள்ளே கரிக்குக் கம்பிவரிசை, அதன் கீழே சாம்பல் தட்டு, பக்கங்களிலும் மூடியிலும் துளைகள். பர்னர் இருந்த ஓட்டையை அவன் அடைக்கப் போனபோது மட்டும் பேராச்சி குறுக்கிட்டாள். "அது கெடக்கட்டும். காத்து வாரதுக்கு வாசலு." அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, திறந்து மூட அதன்மேல் ஒரு தள்ளு தகடு வைத்தான். எல்லாம் முடிந்த பிறகு, யாரும் கேட்காமலே, ஒரு கம்பியை இரண்டு முனையிலும் சுருட்டிப் பெட்டியின் முகப்பில் பூவாக ஒட்டவைத்தான்.

"டிசைனு யாரு கேட்டா?"

"கிரில்லுன்னா டிசைன் இல்லாம இங்கேருந்து போவாது. மொதத் தடவ வெறும் கரிய மட்டும் எரிச்சு விடு, தகட்டுல உள்ள எண்ண நாத்தம் போவட்டும்."

ஜூலையில் ஒரு நாள் விடிந்ததிலிருந்து மழை விடவேயில்லை. சாயங்காலம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில்கள் நின்றன. பாலமும் படியும் போக வழியற்ற ஜனத்தால் நிரம்பின. பேராச்சியின் மூடிமேல் விழுந்த மழை சுர்ரென்று ஆவியானது. உள்ளே தீ அணையவில்லை. கதிர்களைப் பொன்னாகச் சுட்டு அடுக்கியிருந்தாள். ஆனால் ஒருவரும் வரவில்லை.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை பாடும் வீணா? கடைசியில் ஒரு பையன் குனிந்து, "மௌசி, துகான் பந்த் ஹை க்யா?" என்று, கடை மூடியிருக்கிறதா எனக் கேட்டான்.

அப்போதுதான் உறைத்தது. மழைக்கு மறைத்த தீயை மனிதர்களுக்கும் மறைத்து வைத்திருக்கிறாள்! மூடியை ஒரு சாண் தூக்கினாள். புகையும் சுட்ட சோளத்தின் மணமும் படியேறிப் போயின. தலைகள் திரும்பின. பிறகு அவளுக்குத் தலை சொறியக்கூட நேரமில்லை. மூடியைத் தூக்கிக் காட்டுவதும் சாத்துவதும் எலுமிச்சை தேய்ப்பதுமாகக் கைகள் பறந்தன. "தள்ளாதிய, தள்ளாதிய, எல்லாத்துக்கும் உண்டு!" என்று தமிழிலேயே கத்தினாள். எல்லோருக்கும் புரிந்தது.

கூட்டத்தின் இடுக்கில் பஞ்சு அண்ணாச்சி தெரிந்தார். படியின் அந்தப் பக்கம் அவரும் புட்டாதான் சுடுகிறார். ஆள் பிடிப்பதில் இருவருக்கும் சண்டை வராத நாள் குறைவு. அவருடைய சிகடியில் கரி சேறாகிக் கிடந்தது. ஒரு கதிர்கூட விற்காத கூடையின்மேல் சாக்கைப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி!" என்று கூப்பிட்டாள் பேராச்சி.

அவர் நிமிர்ந்தார். அவள் இடுக்கியை எடுத்து, தன் கதிர்களை ஒவ்வொன்றாக நகர்த்தி ஒரு பக்கமாக நெருக்கி அடுக்கினாள். தணலுக்கு மேலே பாதி இடம் காலியானதும், மூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, அந்த இடத்தைத் தாடையால் காட்டினாள்.