அத்தான் வைத்த சீல்

அக்காவின் கணவரை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. சீல்காரர் என்றால் போதும். மீட்டர் பெட்டிகளைச் சோதித்து, மெல்லிய கம்பி கோத்து, குறடால் நசுக்கி சீல் வைப்பது மின்சார அலுவலகத்தில் அவர் வேலை. பிறகு அந்தக் கம்பியை யாராவது தொட்டிருக்கிறார்களா என்று போய்ப் பார்ப்பதும் அவர் வேலைதான். இருபத்தாறு வருடம் இதையே செய்தவருக்கு ஊரில் பாதிப் பேர் திருடர்கள், மீதிப் பேர் இன்னும் மாட்டாதவர்கள்.

எனக்கு அவர் அத்தான். நான் ஆப்பிள் வாங்கிப் போனால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா உன் தலையில கட்டியிருக்கான் மாப்ள" என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா வீட்டில் வருடக்கணக்காகக் கேன் தண்ணீர்தான். ஒருநாள் கேன்காரர் வைத்துவிட்டுப் போனதும், மூடியின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையை அத்தான் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். கிழியாமல் தொப்பி போலக் கழன்று வந்தது. சீல் வைக்கிறவரிடமே போலி சீலைக் காட்டினால் விடுவாரா? அரை நாள் லீவு போட்டு, என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கேன் வண்டியின் பின்னாலேயே போனார். வண்டி ஒரு தகரக் கொட்டகைக்குள் நுழைந்தது. சந்துப் பக்கமாக எட்டிப் பார்த்தோம். ஒருவர் சாதாரணக் குழாயிலிருந்து கேன்களை நிரப்பிக்கொண்டிருந்தார். இன்னொருவர் மூடிகளைக் கையால் குத்தி இறக்கினார். மூன்றாமவர் முடி உலர்த்தும் மிஷினால் உறையைச் சுருக்கி ஒட்டினார்.

"பாத்தியா? நான் சொன்னா யாரு கேக்கறீங்க?" என்றார் அத்தான். அன்றைக்கு நானும் தலையாட்டினேன்.

கேனை நிறுத்தினார். இனி வீட்டிலேயே ஃபில்டர் என்று முடிவாயிற்று. முடிவு செய்வது சுலபம், அத்தானுக்கு விற்பதுதான் கஷ்டம். முதலில் வந்த விற்பனைக்காரர், வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு கிளாஸ், தன் ஃபில்டர் தண்ணீர் ஒரு கிளாஸ் வைத்து, இரண்டிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் கொடுத்தார். குழாய்த் தண்ணீர் சாக்கடை போலப் பழுப்பானது. அக்கா பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் எழுந்து போய் ஒரு சிட்டிகை உப்பு கொண்டுவந்து அவருடைய ஃபில்டர் தண்ணீரில் போட்டார்.

"இப்ப விடுங்க பாப்போம் கரண்டை."

அதுவும் பழுப்பானது. "உப்பு இருந்தா கரண்ட் பாயும், கம்பி கரையும். இது இரும்புத் துரு தம்பி. கரண்டாபீஸ்காரன் காதுலயா பூ சுத்தறீங்க?" விற்பனைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

கடைசியில் அத்தான் குழாய்த் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அந்தக் காகிதத்தோடு ஒரு சின்னக் கடைக்குப் போனார். கடைக்கார அம்மா அதைப் படித்துவிட்டு, "உங்க தண்ணிக்குப் பெரிய மிஷின் தேவையில்லீங்க. குழாயில மாட்டற இந்தச் சின்னதே போதும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உள்ள இருக்கிற வடிகட்டியை மாத்தி, தொட்டியைக் கழுவிடணும், அவ்வளவுதான்" என்றார். விலை உயர்ந்ததை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அந்தச் சின்னதையே அத்தான் வாங்கினார். இதுவரை அத்தான் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தண்ணீரும் நன்றாக இருந்தது.

ஆறு மாதம் கழித்து வடிகட்டி மாற்ற மெக்கானிக் வந்தார். அங்கேதான் அத்தானுக்கு மூக்கு வியர்த்தது. "உள்ள இருக்கறது ஒரிஜினல். அதைக் கழட்டிட்டு மட்டமானதை மாட்டுவான். நல்லதைக் கொண்டுபோய் வேற வீட்ல விப்பான்." வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். தான் இல்லாதபோது மெக்கானிக் மறுபடி வந்தால்? கடையில் சொந்தமாகக் கம்பியும் சீல் வில்லைகளும் வாங்கி, ஃபில்டர் மூடியைச் சுற்றி சீல் வைத்தார். ஆபீஸ் சீலை எடுக்கவில்லை. அது திருட்டாகிவிடுமாம்!

அதன்பின் தினமும் வேலைக்குக் கிளம்புமுன் சீலை ஒரு தடவை தடவிப் பார்ப்பார். பகல் முழுக்க அவருக்கு ஆபீஸ் தண்ணீர், வீட்டுக்கு வந்தால் காபிதான். வீட்டுத் தண்ணீர் அக்காவுக்குத்தான். அவள் வீட்டில் உட்கார்ந்து பள்ளிச் சீருடைகள் தைக்கிறவள்.

இரண்டாம் வருடம் அக்காவுக்கு வயிறு கெட்டது. சரியாகும், மறுபடி வரும். இளைத்துப் போனாள். தைக்க உட்கார்ந்தால் அரை மணியில் சுவரில் சாய்ந்துகொள்வாள். அத்தானுக்குத் தூக்கம் போயிற்று, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் சந்தேகம் ஒன்றுதான். பால்காரரை மாற்றினார். காய்கறிக் கடையை மாற்றினார். பக்கத்து வீட்டிலிருந்து வந்த பலகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். மாத்திரைகள் போலி என்று இரண்டு டாக்டர்களை மாற்றினார். மூன்றாவது டாக்டரிடம் நானும் கூடப் போனேன்.

"வீட்ல என்ன தண்ணி குடிக்கறீங்க?" என்று கேட்டார் அந்த டாக்டரம்மா.

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஃபில்டர் தண்ணி டாக்டர். யாரும் கை வைக்க முடியாதபடி சீல் வச்சிருக்கேன்."

"சீலா? கடைசியா எப்பத் திறந்து கழுவினீங்க?"

"ரெண்டு வருஷமா ஒருத்தரும் தொட்டதில்ல" என்று பெருமையாகத்தான் ஆரம்பித்தார். முடிப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் குறடை எடுத்துக் கம்பியை வெட்டினார். மூடியைத் திறந்தபோது வந்த வாடையில் நான் பின்வாங்கினேன். வடிகட்டி கறுத்துக் கிடந்தது. தொட்டியின் சுவரெல்லாம் வழவழவென்று பாசி. அத்தான் விரலால் தொட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உனக்கு வாடை தெரியலயா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார் அக்காவிடம்.

"சொன்னேனே. போன வருஷமே, நாத்தமடிக்குது, அந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கன்னு சொன்னேன். அவன் உனக்கு எவ்வளவு கமிஷன் தர்றான்னு கேட்டீங்க." அக்கா அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "அதுக்கப்புறம் நான் எதுவும் சொல்றதில்ல."

அத்தான் வெட்டிய கம்பியைக் குனிந்து பொறுக்கினார். எனக்கு அவரை நாலு அறை அறையலாம் போலிருந்தது.

மறுநாள் மெக்கானிக் வந்தார். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புது வடிகட்டி மாட்டினார். பழையதை என்ன செய்கிறார் என்றுகூட அத்தான் கவனிக்கவில்லை. முதல் இரண்டு தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மூன்றாவதிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து, தையல் மிஷினருகே இருந்த அக்காவிடம் அத்தானே கொண்டுபோய் நீட்டினார்.

அக்கா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். முகர்ந்தாள். பிறகு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"முதல்ல நீங்க குடிங்க."

ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா, இப்ப நீ குடி" என்றார். குரல் கெஞ்சியது. அத்தான் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"இருக்கட்டும். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணும் ஆகலேன்னா பாக்கலாம்" என்றாள் அக்கா. குனிந்து மிஷினுக்கு அடியிலிருந்து காலையில் கடையில் வாங்கி வைத்திருந்த தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்தாள். மூடியைத் திருகி, அவர் எதிரிலேயே குடித்தாள்.