என் நாத்தனாரும் நாலு நூல் மிஷினும்

உறவுக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். நாலு பேர் எதிரில் பேசவே கூச்சப்படுவேன். எழுத்து கோணலாக இருக்கும், நடுவில் மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். "அத்தைகூட ரொம்ப நாள் இருந்தது நீதாம்மா, நினைவு மலருக்கு நீயே எழுது" என்று என் மகன் நோட்டைக் கையில் கொடுத்துவிட்டான்.

என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தங்கை, உத்திரமேரூர் பக்கம் இதே கிராமத்தில், இதே வீட்டில்தான் பிறந்தார். எட்டாவது வரை படித்தார். தென்னேரியில் கட்டிக்கொடுத்தார்கள். பிள்ளை இல்லை. மாப்பிள்ளை நெஞ்சுவலியில் போன பிறகு, ஒரு பெட்டியோடும் கால் மிஷினோடும் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தார். நாத்தனாரும் அண்ணியும் ஒரே அடுப்பில் சமைத்தால் சட்டி உடையும் என்றார்கள். எங்கள் வீட்டில் ஒரு சட்டியும் உடையவில்லை. சிரிப்புச் சத்தம்தான் தெருவரைக்கும் போனது.

ஊர்ப் பெண்களுக்கு நைட்டி, பாவாடை, பழைய சேலைத் துண்டுகளை ஒட்டிப் போர்வை எல்லாம் தைப்பார். ஒரே குறை, நாலு தடவை துவைத்தால் உள்தையலில் நூல் பிரிந்து வந்துவிடும்.

மகனுக்குத் தாம்பரத்தில் வேலை. அவனுக்குக் குழந்தை பிறந்ததும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று வந்தான். "அத்தையை அழைச்சிக்கினு போறேம்மா. இங்க சும்மாதானே கீறாங்க" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த 'சும்மா' நாத்தனாருக்குச் சுருக்கென்று தைத்தது. அவருக்கு ஊரை விட மனசில்லை. எனக்கு அவரை விட மனசில்லை.

அடுத்த மாதமே, உள்தையல் பிரியாமல் ஓரம் கட்டுகிற ஓவர்லாக் மிஷின் வாங்கக் காஞ்சிபுரம் கிளம்பினார். துணைக்கு நான். பை நிறையத் துணித்துண்டுகள் எடுத்துக்கொண்டார். பருத்திச் சேலை, பனியன், வழுக்குகிற நைட்டித் துணி, தடிமனான துண்டு. கடைக்காரர் ஒரு பெரிய மிஷினைக் காட்டி, கம்பெனிக்காரர்கள் வாங்குவது இதுதான் என்றார்.

"நான் கம்பெனி நடத்த வரலீங்க. இந்த வேகத்துக்குக் கால வெச்சா எங்க அண்ணி கையையும் சேத்துத் தெச்சிடும்" என்றார் நாத்தனார்.

மூன்று நூல் மிஷின் ஓரத்தைக் கட்டுவதோடு சரி. நாலு நூல் மிஷின் இரண்டு துணியைச் சேர்த்து, பிசிறை வெட்டி, ஓரத்தையும் ஒரே ஓட்டத்தில் கட்டிவிடும். அவர் எல்லாத் துண்டையும் எல்லா மிஷினிலும் விட்டுப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாமா, மிஷின் பாக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"பொண்ணுன்னா அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டிருப்பேங்க. இதோட நான்தானே குடும்பம் நடத்தணும்!"

வீட்டுக் கரண்டில் ஓடுகிற சின்ன நாலு நூல் மிஷினை எடுத்தோம். கடைக்காரரே நூல் கோத்துக் கொடுத்தார். "நூலை மட்டும் உருவிடாதீங்க. தீந்துபோனா புது நூலைப் பழசோட முடிஞ்சி இழுங்க" என்றாராம். அந்த நேரம் நான் வெளியே மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

மிஷின் வந்த சேதி கேட்டு எங்கள் பால்வாடி டீச்சர் வந்தார். பிள்ளைகள் மதியம் தூங்கப் பழைய சேலையில் இருபது போர்வை வேண்டும், ஆயுத பூஜை லீவு முடிந்து திங்கட்கிழமை தர வேண்டும் என்றார். துண்டு சேர்த்த இடம் தடித்துப் பிள்ளைகள் முதுகில் உறுத்தும் என்று, நாத்தனார் பின்பக்கம் மெத்தென்ற சேலை ஒன்றை முழுசாக வைத்துத் தைத்தார். எட்டு முடிந்தபோது மகன் லீவுக்கு வந்து, மறுபடியும் அத்தையைத் தாம்பரத்துக்குக் கூப்பிட்டான்.

"இருபதும் முடிஞ்சா நான் இங்கதான். முடியலன்னா ஞாயித்துக்கெழமை உன்கூட வந்துடறேன்" என்றார் நாத்தனார்.

"பந்தயமா அத்தே?"

"பந்தயம் இல்லடா, வாக்கு."

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. அவர் பொரி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். சாமி முன்னால் வைக்கிற மிஷினில் பஞ்சும் பழைய நூலும் இருக்கலாமா என்று, நான் நாலு நூலையும் உருவி எறிந்தேன். பளபளவென்று துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டேன். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் காலையில் கற்பூரம் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணி! மிஷினுக்கு மொட்டை அடிச்சிட்டியா?"

கடைக்குப் போன் போட்டோம். லீவு. கோத்துப் பார்த்தோம், அறுந்தது. மறுபடி கோத்தோம், மறுபடி அறுந்தது. மத்தியானமாகிவிட்டது. இவரை நானே ஊரைவிட்டு அனுப்பிவிட்டேனே என்று அழுதேன்.

"அயுவாதே. பொட்டு நல்லாத்தான் வெச்சிகீறே. எதை மொதல்ல உருவினே, அதைச் சொல்லு."

"ஊசியில கீறதை மொதல்ல. அப்பால அடியில கீற கொக்கி. கடைசியா மேல வர்ற கொக்கி."

சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, எது எதன் மேல் போகிறது என்று பார்த்தார். "நாம ஊசியில ஆரம்பிச்சோம், அதான் அறுந்துக்கினே கீது. நீ உருவினதுக்குத் தலைகீயாக் கோக்கணும். மேல் கொக்கி, அடிக்கொக்கி, கடைசியா ஊசி!"

எந்த நூல் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிய, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நாலு நிறத்தில் கோத்தார். மிஷின் ஓடியது. நான் கைதட்டிவிட்டேன். உள்தையல் எல்லாம் நாலு நிறமாக வந்தது. இதையே பிறகு ஊர்ப் பெண்கள் நைட்டிக்கும் கேட்டு வாங்கினார்கள்.

ஞாயிறு சாயங்காலம் பஸ் நேரம். கட்டிலில் பத்தொன்பது போர்வை. இருபதாவது பாதியில். நாத்தனார் பெட்டியை எடுத்துச் சேலைகளை அடுக்க ஆரம்பித்தார்.

"இரு அத்தே, நான் எண்றேன்" என்று மகன் குனிந்தான். ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ணினான். கடைசியில் மேலே இருந்ததை இரண்டு முறை தட்டினான். "பத்தொம்போது... இருபது. சரியா கீது. பஸ் போயிடும், நான் கெளம்பறேன்."

நாத்தனார் அவனைப் பார்த்தார். "எண்ணத் தெரியாத உனக்கு எவன்டா வேலை குடுத்தான்?"

"நீதானே சொல்லிக்குடுத்தே அத்தே!"

மூவரும் சிரித்தோம். அவன் தனியாகப் பஸ் ஏறினான். பிறகு மருமகளின் அம்மா போய்க் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். குழந்தை லீவுக்கெல்லாம் இங்கே வந்து, போர்வைக் குவியலில் புரண்டு வளர்ந்தது.

அதன்பின் பத்து வருஷம் நாத்தனார் இங்கேயே இருந்தார். யாரையும் கடிந்து பேசியதில்லை. போன வருஷம் மாசியில் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்து, என் கையைப் பிடித்தபடி போய்விட்டார். அதற்கு முந்தின வாரம்வரை தைத்தார். கஞ்சி கொண்டு வந்த பக்கத்து வீட்டு மருமகளுக்கும், ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கும், பால்வாடி டீச்சருக்கும், தோள் கொடுத்த பிள்ளைகளுக்கும் கும்பிடு.

அவர் வயசு, தென்னேரியில் இருந்த வருஷம், மிஷின் வாங்கிய மாசம் எல்லாம் சரியாக ஞாபகம் இல்லாததால் நான் எழுதவில்லை. அச்சுக்குப் போகும் முன் தெரிந்தவர்கள் யாராவது சேர்த்துக் கொடுங்கள். போர்வை எத்தனை என்பதை மட்டும் என் மகனிடம் கேட்காதீர்கள். அவன் இன்றைக்கும் இருபது என்றுதான் சொல்வான்.