பச்சை முகம் போட்ட கலர் பிரிண்டர்

கலர் பிரிண்டரிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த தாளுக்கு ஒரு வாடை உண்டு. மருந்து பாட்டிலைத் திறந்த மாதிரி ஈரத்தோடு மூக்கில் ஏறி, தொண்டை வரைக்கும் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். போன மாதம் விழுப்புரத்தில் ஒரு கடைக்காரர், டெமோ காட்டுகிறேன் பேர்வழி என்று ஒரு ரோஜாப்பூவை அச்சடித்து என் கையில் கொடுத்தபோது அதை மேஜையிலேயே திருப்பி வைத்துவிட்டேன். யு.கே.ஜி. படிக்கும் என் மகளுக்கு வாரம் தவறாமல் காய்கறிப் படம், வண்டிப் படம் என்று பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள். ‘வீட்டுக்கே ஒன்று வாங்கிவிடலாமே’ என்று கணவர் சொன்னதால் கடைகடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். மாதத்துக்கு நாலு பக்கம் போடுகிற வீட்டுக்கு எது சரிப்படும் என்று கேட்டால் ஒருவராவது பதில் சொல்ல வேண்டுமே! எல்லோரும் விலையைத்தான் சொல்கிறார்கள், அதுவும் ஏதோ இலவசமாகத் தருகிற மாதிரி ஒரு சிரிப்போடு.

இதே சிரிப்பில் மயங்கித்தான் என் அப்பா, நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, இதே விழுப்புரத்தில் ஒரு பிரிண்டர் வாங்கித் திண்டிவனம் வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மரக்காணம் ரோட்டில் பம்புசெட் மோட்டாருக்குக் ‘காயில் கட்டுற’ கடை வைத்திருந்தார் அப்பா. கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டின ‘ப்ராஜெக்ட்’டுக்கு ஒரு மார்க், கடையில் வாங்கிய சார்ட்டை வெட்டி ஒட்டினதற்கு அதைவிடக் கம்மியாக ஒரு மார்க் என்று எங்கள் டீச்சர் பிரித்துப் போட்டதில் நான் அழுது அடம் பிடித்த பலன் அது. “இருக்கறதுலயே கொறஞ்ச வெல இதான், வேற எவனும் இந்த வெலைக்கு வாங்கிட முடியாது” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அதோடு வந்த மை பாதிதான் நிரப்பியிருக்கும் என்பதோ, அடுத்த மை வாங்கப் போனால் கடைக்காரர் கூசாமல் மெஷின் விலைக்குப் பக்கத்தில் ஒரு விலை சொல்வார் என்பதோ அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. தெரிந்த அன்றைக்கு அப்பா மெஷினுக்கு மூடுதுணி தைக்கச் சொன்னார்.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் அந்தக் கருமம். “சும்மா சும்மா பிரிண்ட் போடாத, மை தீந்துடும்” என்பது எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. கம்ப்யூட்டர் என்று இருந்ததே என் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப்தான். அதையும் அவள் புதுச்சேரி ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய்விட்டாள், மாதம் ஒரு முறைதான் வருவாள். எனக்கு வேண்டிய படத்தில் பத்தில் ஒன்பதை அப்பா வெட்டிவிட, கடைசியில் நான் பழையபடி சார்ட்டைத்தான் வெட்டி ஒட்டினேன். ஆயுத பூஜையன்றைக்குச் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொள்வதைத் தவிர அந்த மெஷினுக்கு வீட்டில் வேறு வேலையில்லை. இத்தனைக்கும் மயிலத்திலிருந்தும் கூட்டேரிப்பட்டிலிருந்தும் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் அப்பா சலிக்காமல் சொல்வார்: “மழை பேஞ்சுது, தண்ணி வேணாம்னு மோட்டார அப்டியே போட்டுடாதீங்க. வாரத்துக்கு ஒருவாட்டி அஞ்சு நிமிசம் ஓட்டிக்கினு இருங்க, இல்லன்னா ஜாம் ஆயிடும்.” ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷனுக்கு, சொந்த வீட்டில் துணி போர்த்திக் கிடந்ததும் ஒரு மெஷின்தான் என்று தோன்றவே இல்லை.

எங்கள் மாடியில் பானு அக்கா குடியிருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். வயிற்றில் மூன்று மாதம் இருக்கும்போது துபாய்க்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. மகள் நஸ்ரினுக்கு இரண்டரை வயதாகியும் அப்பாவின் முகம் தெரியாது. கல்யாண ஆல்பத்தில் அவர் முகத்தைப் பாதிக்கு மேல் பூச்சரம் மறைத்திருந்தது, மிச்சமிருந்த முகத்திலும் தாடி இல்லை. நாற்பது நாள் லீவு கிடைத்து அடுத்த மாதம் வருகிறார் என்று செய்தி வந்தது. கூடவே அறைத்தோழர் ஒருவரின் மெயிலில் இப்போதைய படம் ஒன்றும் வந்தது. அக்காவிடம் இருந்ததோ பொத்தான் போன். பிரௌசிங் சென்டரில் படத்தைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, ஸ்டுடியோவுக்குக் கிளம்பும் வழியில் எங்கள் வாசலில் நின்றார்.

“அவரு வர்றதுக்குள்ள இவளுக்கு மொகத்தக் காட்டிப் பழக்கிடணும்ணே. புதுசா ஒரு ஆளு வந்து நின்னா புள்ள பயந்துக்கும். இருக்கறதே நாப்பது நாளு” என்றார்.

அப்பாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பெருந்தன்மை! “ஸ்டுடியோவுக்கு எதுக்கும்மா போற? நம்மூட்டுல மெஷின் சும்மாதான கெடக்குது. சனிக்கெழம பெரியவ வர்றா, பாப்பா போட்டுக் குடுத்துடும்” என்றார். பாப்பா என்றது என்னை. தெருவிலேயே கலர் மெஷின் வைத்திருக்கிற வீடு எங்களுடையது என்கிற தலைக்கனம் எனக்கும் கொஞ்சநஞ்சமில்லை. பென் டிரைவை நானே கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை துணியை எடுத்து, குங்குமத்தைத் துடைத்து, தாளைச் சொருகினோம். பானு அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். தாள் அங்குலம் அங்குலமாக வந்தது. நெற்றி பச்சை. மூக்கு பச்சை. உதடு கரும்பச்சை. சிவப்பு மை மொத்தமும் மாதக்கணக்கில் உட்கார்ந்து காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. பாசி படிந்த தொட்டிக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி ஒரு மனிதர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

“அல்லாவே! என்னடி இது, மய்யித்து மாதிரி கீது? நல்லா இருக்கற மனுசன…” என்று சொல்லும்போதே குரல் உடைந்து, பிணத்தைப் பார்த்தவர் போல விடுவிடுவென்று மாடிக்குப் போய்விட்டார். நான் அந்தத் தாளைக் கசக்கி மூலையில் எறிந்தேன்.

அத்தோடு பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்திருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் மோட்டார் கட்டுகிறவர் வீட்டு மெஷின் தோற்பதாவது! என் அக்கா லேப்டாப்போடு ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் அப்பா பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மை வருகிற இடத்தைத் தின்னர் விட்டுத் துடைத்தார், கம்பிகளுக்கு மோட்டார் ஆயில் விட்டார். “அடுத்த தபா அவ வர்றப்ப பாரு, எப்டி அடிக்குதுன்னு” என்றார். நாலு நாள் கழித்துப் பானு அக்கா என்னிடம், “அந்தப் பென் டிரைவக் குடும்மா, நான் ஸ்டுடியோவுலயே பாத்துக்கறேன்” என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். “அப்பா சரி பண்ணிட்டாருக்கா, ஒரு ரெண்டு நாளு” என்றேன். பச்சைப் பொய். அப்பாவுக்காகச் சொன்னேன் என்றுகூட இப்போது சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. தோற்றுப்போனது தெருவுக்குத் தெரியக்கூடாது என்று எனக்காகவே சொன்னேன். இரண்டு நாள் மூன்று வாரம் ஆனது. அடுத்த முறை லேப்டாப் வந்தபோது மெஷின் உறுமியதே தவிர ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அதற்கு மூன்றாம் நாள் அவர் வந்துவிட்டார்.

இதற்கிடையில், நான் கசக்கி எறிந்த தாளை நஸ்ரின் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அக்கா பிடுங்கப் பார்த்தும் தரவில்லையாம். வேறு படமும் கையில் இல்லாததால், போகட்டும் என்று, “அத்தாடி அது, உங்க அத்தா” என்று அப்பாவை அடையாளம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பிள்ளை அதைக் கட்டிக்கொண்டு தூங்க ஆரம்பித்துவிட்டது.

சென்னை விமான நிலையத்திலிருந்து கார் வந்து நின்றபோது நாங்கள் எல்லோரும் வாசலில் இருந்தோம். மாநிறமாக, தாடியோடு, வெட்கப்பட்டுக்கொண்டே இறங்கினார். நஸ்ரின் அவரைப் பார்த்ததும் வீறிட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. “இது அத்தா இல்ல! எங்க அத்தா பச்ச!” என்று கத்திக்கொண்டே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் போட்டுவிட்டு ஓடிய தாளை எடுத்துப் பார்த்து அவரும் சிரித்தார். “நம்மளவிட இந்தப் பச்சப்பயலத்தான் புடிச்சிருக்குது போல” என்றார்.

ஒரு வாரம் கழித்து, அம்மா கொடுத்த பலகாரத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அவர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தக் கசங்கின தாளைத் தன் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, “அத்தா வந்திருக்கேன், வாடா செல்லம்” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை ஓடிவந்து தாளைத் தொட்டது. அவர் மெதுவாகத் தாளை இறக்கினார். முகத்தைப் பார்த்ததும் அலறிக்கொண்டு திரும்பி ஓடிவிட்டது. அவர் மறுபடியும் தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தார். நான் பலகாரத்தைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். அன்றைக்கு எனக்கு என்மேல் வந்த அருவருப்பு எந்தத் தின்னருக்கும் கரையவில்லை.

அவர் தோளில் அவள் ஏறி உட்கார்ந்தது முப்பத்தேழாம் நாள். மூன்று நாளில் விமானம் ஏறிவிட்டார்.

இன்றைக்கு அந்த மாடி வீடு இல்லை, இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். துபாயில் இருக்கிற அப்பன் பிள்ளை பிறந்த நிமிஷமே வீடியோ காலில் முகத்தைக் காட்டிவிடுகிறான். ஒரு முகத்துக்காகத் தாளை எதிர்பார்த்துக் கிடந்த காலம் ஒழிந்தது; ஒழியட்டும், எனக்கு அதில் ஒரு சொட்டு ஏக்கமும் கிடையாது. விழுப்புரம் கடைக்காரரிடம், “வாரத்துக்கு ஒரு பக்கம்கூடப் போடலன்னா இது என்ன ஆகும்?” என்று கேட்டேன். “அப்பப்போ சும்மாவாச்சும் ஒரு கலர் போட்டுக்கினே இருக்கணும் மேடம்” என்று முனகினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மகளின் காய்கறிகளை அடுத்த தெரு ஜெராக்ஸ் கடையில் போட்டு வாங்கிக்கொண்டேன்.

ரம்ஜானுக்குக் கோட்டக்குப்பத்தில் பானு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நஸ்ரின் ப்ளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கு எதுவும் நினைவில்லை. ஊரோடு வந்துவிட்ட அவளுடைய அத்தாவை அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். பிரிண்டர் தேடி அலைந்த கதையைச் சிரிப்புக்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், பழைய பேச்சை நான் எடுக்கவே இல்லை. பிரியாணித் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு அவளுடைய அத்தா தானாகவே சொன்னார்: “அந்த முப்பத்தேழு நாளு போனது போச்சும்மா, விடு.”